பழமொழியால் நான் கொன்ற நண்பருக்கு

இன்று காலை என் மனைவி புறவாசலில் திருநீற்றுப்பச்சைச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் மண்டிப்போய், கிணற்றுக்குப் போகிற வழியை மறித்துவிட்டனவாம். அவள் வேரோடு இழுக்க இழுக்க, வாசனை சுவரேறி வந்து, நான் சவரம் செய்துகொண்டிருந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எட்டிப் பார்த்தவள், "என்ன, இலைத்துரை ஞாபகமா?" என்றாள். இல்லை என்றேன். இருபது வருஷமாகப் பழகியும் அவளிடம் பொய் சொல்லுகிற கலை எனக்குக் கைவரவில்லை. "அப்பம் மீதிக் கன்னத்தையும் செரைச்சுட்டு, அந்தக் காயிதத்தை எழுதி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் காகிதம், உம் தாயாருக்கு நான் எழுதவேண்டிய காகிதம். ஒரு மாதமாக ஒரு வரிகூட நகராமல் கிடக்கிறது. அதை எழுத முடியாத கோழை, அதற்குப் பதிலாக உமக்கு எழுதுகிறேன். உமக்கென்றால் தமிழில் எழுதலாம். பிழை பிடிக்க மாட்டீர். உயிரோடிருந்த காலத்திலேயே உமக்கு எந்தப் பாஷையும் வாசிக்கத் தெரியாது.

எங்கள் ஊரில் அந்தச் செடிக்கு இரண்டே உத்தியோகம். காது வலித்தால் சாறு, கோயில் என்றால் மாலை. அதன் இலையைத் தின்னவும் செய்யலாம் என்று பாளையங்கோட்டைக்கு முதன்முதல் சொன்னவர் நீர்தான். நீர் எங்கள் கம்பெனிச் சரக்குக் கிட்டங்கிக்கு வந்த முதல் வருஷம், ஈஸ்டர் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கை கழுவப் புறவாசலுக்குப் போன மனிதர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் செடிக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறீர். ரோமன் கத்தோலிக்கர் எதைக் கண்டாலும் முழங்காலில் நிற்பார்கள் என்று எங்கள் புராட்டஸ்டன்டு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கேட்டிருந்ததால், எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கிட்டப் போன பிறகுதான் நீர் அழுகிறீர் என்று தெரிந்தது. "பசிலிகோ" என்றீர், உங்கள் ஊரில் அந்தச் செடிக்குப் பெயர். அதுதான் நான் கற்ற முதல் இத்தாலியச் சொல்.

அப்புறம் என் மனைவியிடம் அம்மியைக் கேட்டீர். ஓர் ஆண்பிள்ளை, அதிலும் வெள்ளைத்தோல், அம்மி முன்னால் குந்தி, இலையும் பூண்டும் உப்பும் முந்திரிப்பருப்பும் வைத்து அரைக்கிற செய்தி, நீர் அரைத்து முடிப்பதற்குள் மூன்று தெரு தாண்டிவிட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மாள் சர்க்கரை கேட்கிற சாக்கில் இரண்டு தடவை வந்து போனார். ஒலிவ எண்ணெய் இல்லாத குறைக்கு நல்லெண்ணெய் ஊற்றினீர். ஊற்றும்போது எதையோ சபித்தீர். பூண்டை எடுத்து "ஆல்யோ", உப்பை எடுத்து "சாலே", எண்ணெயை எடுத்து "ஓலியோ". அரைத்த பச்சை விழுதை எல்லாரும் சோற்றில் பிசைந்து தின்றோம். "காதுவலிக்குக் கேக்கும்" என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். அதற்காக நீர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஈஸ்டருக்கும் வந்தீர். அதற்கடுத்த ஈஸ்டருக்கும்.

ஊரில் உம்மைப் பற்றிப் பல கதைகள். கப்பல் உடைந்து தப்பியவர், சாமியாராகப் போய்ப் பாதியில் ஓடிவந்தவர், இத்தாலி ராஜாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றெல்லாம் சொன்னார்கள். மூன்றாவது கதையைக் கிளப்பியவன் நானே என்பதை இப்போது ஒத்துக்கொள்ளுகிறேன். நிஜத்தில் நீர் ஜெனோவாவுக்கு மேலே மலையில் இருக்கிற சின்ன ஊர்க்காரர். மருந்துச் சரக்கு ஏற்றுமதி செய்கிற எங்கள் கம்பெனியில் நிலாவாரை இலைக்குத் தரம் பார்க்க வந்தவர். ஐரோப்பியச் சீமான்களின் வயிற்றை இளக்குகிற அந்த இலையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து, எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, எத்தனை நாள் உலர்ந்தது என்று சொல்லுவீர். நான் அங்கே இங்கிலீஷ் குமாஸ்தா. தோல் நிறத்துக்காக உமக்குத் துரைப் பட்டம் கிடைத்தது. மற்றபடி துரைமார் உம்மை விருந்துக்குக் கூப்பிட்டதில்லை. இலை பொறுக்குகிற பெண்கள் "இலைத்துரை" என்றார்கள். நான் எங்கள் ஊர் உரிமையில் "வே" என்றேன். ஒரே வருஷத்தில் நீரும் என்னை "வே" என்றீர். நம் இருவருக்கும் அதுதான் ஞானஸ்நானம்.

உமக்காக உம் தாயாருக்குக் காகிதம் எழுதிக் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார். நல்ல மனிதர். ஆனால் நீர் சொல்லுவதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் 'இவன் பூசைக்கு ஒழுங்காக வருவதில்லை' என்று தம் சொந்தச் சரக்கிலிருந்து ஒரு வரி சேர்த்துவிடுவார். சேர்த்ததை உமக்கு வாசித்தும் காட்டுவார். அவர் வேறு ஊருக்கு மாறிப் போனபோது நீர் ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் கவலையாகவும் இருந்தீர். அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் வரும், லத்தீனிலும் நாலு சொல் தெரியும், நாற்பது நாளில் இத்தாலிய பாஷையில் எழுதிக் காட்டுகிறேன் என்று கிட்டங்கி நடுவில் நின்று சவால் விட்டேன். நாற்பது நாள், ஒரு வருஷமாயிற்று.

நீர் சொல்லிக்கொடுத்த முறை அப்படி. "ஒத்தைச் சொல்லாக் குடுத்தா தொலைச்சுருவீரு வே. கயித்துல கட்டித்தான் தருவேன்" என்பீர். கயிறு என்றது பழமொழியை. சிப்பம் கட்டுகிற இரைச்சலுக்கு நடுவே நாளைக்கு ஒன்று தருவீர். பதிலுக்கு நான் ஒன்று தரவேண்டும். "கி வா பியானோ, வா சானோ எ வா லொந்தானோ" என்பீர். மெல்லப் போகிறவன் நலமாகப் போவான், தொலைவாகவும் போவான். நான் "பையச் சென்றால் வையம் தாங்கும்" என்பேன். உடனே இலையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்குவீர், காணாமற்போன உறவு கிடைத்ததுபோல. இன்னொரு நாள், விடியற்காலையின் வாயில் பொன் இருக்கிறது என்று ஒன்று தந்தீர். எங்கள் ஊரில் ஆள் போன பிறகுதான் வாயில் எதையாவது போடுவோம் என்று நான் சும்மா சொன்னேன். உம் முகம் வெளுத்தது. ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி நீட்டித் தரையைக் குத்திக் காட்டினீர், கேடு மண்ணோடு போகட்டும் என்று. சாவைத் தொடுகிற ஒரு சொல்லைக்கூட நீர் எனக்குக் கற்றுத் தரவில்லை. கேட்டாலும் தரமாட்டீர்.

செவ்வாயும் வெள்ளியும் கல்யாணத்துக்கும் ஆகாது, பயணத்துக்கும் ஆகாது என்பது நீர் தந்த இன்னொன்று. எங்கள் 'செவ்வாயோ வெறுவாயோ'வை எடுத்து நீட்டினேன். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டோம் என்றும் சொன்னேன். "அப்பம் நம்ம ரெண்டு ஊரும் ஒண்ணுதான் வே" என்று சிரித்தீர். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினீர். அன்றைக்குத்தான் உம் கதை வெளியே வந்தது. தாயார் பார்த்து வைத்த பெண்ணை வேண்டாம் என்று சண்டை பிடித்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நீர் கிளம்பிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. 'வெள்ளிக்கிழமை போகிறவன் திரும்பி வரமாட்டான்' என்று தாயார் வாசலில் நின்று சொன்னாராம். நீர் திரும்பிப் பார்க்கவில்லையாம். கிறிஸ்துமஸ் சொந்தக்காரர்களோடு, ஈஸ்டர் உனக்குப் பிடித்தவர்களோடு என்றும் உங்களிடம் ஒரு பழமொழி உண்டு. ஈஸ்டர் தோறும் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கிறிஸ்துமஸ் அன்றைக்கு எத்தனை கூப்பிட்டாலும் ஏன் உம் அறையிலேயே கிடந்தீர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இனி என் பராக்கிரமத்துக்கு வருகிறேன்.

நீர் வள்ளியூர்ப் பக்கம் இலை பார்க்கப் போயிருந்த ஒரு வாரம். திரும்பி வருவதற்குள் உம் தாயாருக்கு நானாகவே ஒரு கடிதம் எழுதி அனுப்பி, உம்மை அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். காகிதமும் தயாராக இருந்தது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரைசாணியின் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு கட்டு எடுத்திருந்தேன். தடித்த, வழுவழுப்பான, சுற்றிலும் கருப்புக் கரை போட்ட காகிதம், அதே கரையில் உறைகள். அது துக்கக் காகிதம் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். அது இங்கிலீஷ்காரன் வழக்கம், இத்தாலிக்காரனுக்கு என்ன என்று நானே வழக்கை விசாரித்து நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். என் மனைவிதான், "கருப்புக் கரை ஆகாதுங்க" என்றாள். வேதக்காரர்களுக்கு என்ன சகுனம் என்று அவளைக் கண்டித்தேன். கண்டித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். கருப்புக்கு மஞ்சள் சரியாய்ப் போயிற்று என்பது என் கணக்கு.

எழுத உட்கார்ந்தபோது கையில் பழமொழிகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அஞ்சவில்லை. நீர் நிதானமாக வேலை பார்க்கிறீர் என்று சொல்ல வேண்டும். மெல்லப் போகிறவன் தொலைவு போவான் என்று எழுதினேன். பழைய சண்டையை மறந்துவிட்டீர் என்று சொல்ல வேண்டும். ஓடிப்போன தண்ணீர் இனி மாவு அரைக்காது என்பதைப் போட்டேன். சோம்பேறி இல்லை என்று சொல்ல, உறங்குகிறவன் மீன் பிடிக்க மாட்டான். அதிகாலையில் எழுகிறீர் என்று சொல்ல, வாயில் பொன். இடையிடையே உம் பெயர். கீழே அலங்காரமாக என் கையெழுத்து. தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறபோது, தாமிரபரணிப் பாலத்தின்மேல் ஒரு பண்டிதன் நடையில் நடந்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அங்கேயுள்ள சாமியார் எழுதியிருந்தார். பெருமையோடு உம்மைக் கூப்பிட்டு, இலைக் குவியலின் பக்கத்தில் நின்று சத்தம் போட்டு வாசித்தேன். எனக்குப் பாதிக்குமேல் விளங்கவில்லை. விளங்காததால் குரல் இன்னும் ஓங்கியது. உமக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் பார்க்கவேயில்லை. என் கையைப் பிடித்து நிறுத்தினீர்.

"நீரு எங்க அம்மைக்கு என்னத்தவே எழுதினீரு?"

"ஏன், என்ன எழுதியிருக்கு?"

"எம் மகனை நல்லடக்கம் பண்ணின பெரிய மனுசருக்குன்னு எழுதியிருக்கு."

"யாரு மகன்?"

"நான்தான் வே. நான் எப்பம் செத்தேன்?"

அதற்குப் பிறகு நான் வாசிக்க, நீர் அர்த்தம் சொல்ல, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் எல்லாம் வெளியே வந்தது. கருப்புக் கரை உறை வாசலுக்கு வந்த அன்றைக்கு உங்கள் ஊர்ச் சாமியார் ஊரில் இல்லை. பிரித்துப் பார்க்கவும் துணியாமல் உம் தாயார் அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். சாமியார் வந்து வாசித்தார்: தொலைவு போனான், தண்ணீர் ஓடிப்போயிற்று, உறங்குகிறான், வாயில் பொன். வெளிநாட்டுக் கனவான் ஒருவர் சாவை நேராகச் சொல்ல மனமில்லாமல் எவ்வளவு நயமாகச் சொல்லியிருக்கிறார் என்று சாமியாரே உருகிவிட்டார். மூலையில் இருந்த மஞ்சள், கல்லறை மண் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். உமக்காகப் பூசை வைத்தாயிற்று. உம் சட்டைகளை ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. அம்மா மட்டும் அழவில்லையாம். 'வெள்ளிக்கிழமை போனான், எனக்கு அன்றைக்கே தெரியும்' என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாராம்.

நீர் முதலில் சிரித்தீர். இலை பொறுக்குகிற பெண்களும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள். பிறகு சிப்பத்தின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டீர். நான் செய்த வேலையின் கனம் அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருமாகத் தந்தி ஆபீசுக்கு ஓடினோம். 'வீவோ' என்று ஒரே சொல். உயிரோடிருக்கிறேன். தந்தி பாபு இது என்ன சரக்கு, என்ன விலை என்று கேட்டார். ஆனால் ஆபீஸ் படியிறங்கும்போதே உமக்குத் தெரிந்துவிட்டது. "அம்மை நம்ப மாட்டா வே. சந்தேகத் தோமாவுக்கு அக்கா அவ. காயத்துல விரலை விட்டுப் பார்த்தாத்தான் நம்புவா. நான் போகணும்."

தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் வெள்ளிக்கிழமை இருந்தது. அதில் ஏறமாட்டேன் என்றீர். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்ற எங்கள் பழமொழியை நீரே எனக்குத் திருப்பிச் சொல்லி, வேறு கப்பலைப் பிடிக்கப் புதன்கிழமை ரயிலுக்குக் காத்திருந்தீர். பிளாட்பாரத்தில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதற்கும் என் வாயில் பழமொழிதான் வந்தது. "வாயை மூடும் வே. நீரு கொல்லலைன்னா நான் அம்மையைப் பார்க்கவே போயிருக்க மாட்டேன்" என்றீர். ரயில் நகர்ந்தபோது நான் அழுதேன். கண்ணில் கரி விழுந்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன், அவர் காரணம் கேட்டிருக்கவேயில்லை.

போய்ச் சேர்ந்ததும் உங்கள் ஊர்ச் சாமியாரை எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தீர். கருப்பு உடையோடு வாசலுக்கு வந்த அம்மா, உம் இரண்டு காதையும் பிடித்துப் பார்த்தார். பின்பு கன்னத்தில் ஒன்று வைத்தார். பின்பு அடுப்பை மூட்டப் போய்விட்டார். கடிதம் எழுதின மனிதருக்கு ஒரு துடைப்பம் எடுத்து வைத்திருப்பதாகவும் சொல்லச் சொன்னாராம். மூன்று மாதத்தில் திரும்பி வருகிறேன் என்று போனவர், வரவில்லை. நீர் சந்தைக்குப் போனால்கூட அவர் ஜன்னலில் நிற்கிறார் என்று எழுதச் சொல்லியிருந்தீர். அதற்குமேல் நான் எப்படிக் கூப்பிடுவேன்? பிறகு யுத்தம் வந்தது. கடிதங்கள் வருஷத்துக்கு ஒன்றாயின. உம்மோடு பேசி வளர்த்த அந்தப் பாஷைக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். வண்டி மாட்டை இத்தாலிய பாஷையில் திட்டுகிறேன். மாடு நன்றாகவே புரிந்துகொள்கிறது.

போன மாதம் வந்த கடிதத்துக்கு அர்த்தம் சொல்ல நீர் பக்கத்தில் இல்லை. இருந்தும் முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. இங்கே வீடுவீடாக வந்து போன அதே விஷக்காய்ச்சல்தான் உம்மையும் கொண்டுபோயிருக்கிறது. அம்மா சொல்லச் சொல்லச் சாமியார் எழுதியிருக்கிறார். அகராதி வரவழைத்து ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்தேன்: 'முதல் தடவை நீங்கள் சொன்னீர்கள், நான் நம்பினேன், பொய்யாயிற்று. இந்தத் தடவை என் கையாலே அவன் கண்ணை மூடினேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்த என் மகனை எனக்குத் தெரியும். திரும்பி வந்த மகனையும் தெரியும். நடுவில் எட்டு வருஷம் உங்களிடம் இருக்கிறது. அதை எனக்கு எழுதுங்கள். அங்கே என்ன செய்தான், எப்படி இருந்தான், எல்லாவற்றையும்.' கீழே சாமியார் தம் கையால் தனியே ஒரு வரி: 'பழமொழி வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொல்கிறார்.'

இப்போது தெரிகிறதா வே, என் பாடு? நூற்றுக்குமேல் பழமொழி இருக்கிறது என்னிடம். எல்லாம் எல்லாரையும் பற்றியவை. மெல்லப் போகிறவன் யாரோ ஒருவன், உறங்குகிறவன் யாரோ ஒருவன். உம் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல அதில் ஒன்றுகூட உதவவில்லை. அகராதியைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு எதிரே ஏழு சொல் நிற்கிறது. அதில் எது உம் அம்மாவின் சமையலறைச் சொல் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல் கிடைக்காவிட்டால் கேட்க எனக்கு நீர் ஒருவர்தான் இருந்தீர். அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

மீதிக் கன்னத்தை மழித்துவிட்டு உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் நாலு வரி வந்துவிட்டது. 'உங்கள் மகன் ருசி பார்ப்பதற்கு முன்பே சோற்றில் உப்புப் போடுவார். கிட்டங்கிக்குத் தண்ணீர் வந்தால், இலை பொறுக்குகிற பெண்கள் குடித்த பிறகுதான் குடிப்பார். பாபநாசத்து அருவியில் நின்று பாடினார். மிக மோசமாகப் பாடினார்.' நாலாவது வரியை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதினேன். அதைக் கேட்டால், ஆமாம், இது என் மகன்தான் என்பார். இந்த ஆள் எழுதுவதை இனிமேல் நம்பலாம் என்பார்.

எட்டு வருஷத்தில் நாலு வரி ஆகியிருக்கிறது. மீதியெல்லாம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உம் தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டதாம். ஆகையால் உமக்கு எழுதுவதை இதோடு நிறுத்திக்கொள்ளுகிறேன் வே. அம்மாவுக்கு எழுதவேண்டும்.